நிலக்கரி வேலை திரும்பி வருமா? தோட்டப்புறத்திலிருந்து பார்த்தால் புரியும் கணக்கு

அமெரிக்காவில் மூடிக் கிடந்த நிலக்கரிச் சுரங்கங்களை மறுபடியும் திறக்கிறார்கள், வேலை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. மலேசியாவில் எங்கள் பெஸ்தாரி ஜெயா ஒட்டுக்கடையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அப்போ நம்ம பத்து ஆராங்கையும் தொறப்பானுங்களா தம்பி?" என்று கேட்டார். பத்து ஆராங் என்பது இந்த வட்டாரத்தில் எப்போதோ மூடிப்போன நிலக்கரிச் சுரங்க ஊர். கேட்டவர் ஒரு காலத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கேள்வி நியாயமானது. பதிலை ஒரு வரியில் சொன்னால் "இல்லை" என்று முடிந்துவிடும். ஏன் இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில், போன வேலைகள் எல்லாம் ஒரே மாதிரிப் போவதில்லை. சில வேலைகள் போய்விட்டுத் திரும்பி வரும். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் படுத்தபோது ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போனது. தோட்டங்களில் வேலை இல்லை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே அனுப்பினார்கள். 1934 வாக்கில் விலை தலைதூக்கியதும் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். மரம் அங்கேயே நின்றது, உளியும் அதே உளி, வாங்குகிறவனும் அதே ஆள். விலை மட்டும் விழுந்து எழுந்தது. இதைப் பொருளியலில் சுழற்சி வேலையின்மை என்பார்கள். சக்கரம் சுற்றினால் வேலை திரும்பும்.

இன்னொரு வகை, அமைப்பு சார்ந்த வேலையின்மை. இதில் விலை ஏறினாலும், விற்பனை கூடினாலும், பழைய ஆட்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தத் தொழில் நடக்கும் விதமே மாறிப்போயிருக்கும். "வேலை திரும்புகிறது" என்று யாராவது சொன்னால், போனது இந்த இரண்டில் எந்த வகை என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு அதிகம் அடிபடுவது அப்பலாச்சியா மலைப்பகுதியில். மேற்கு வர்ஜீனியா, கிழக்குக் கெண்டக்கி, பென்சில்வேனியாவின் ஒரு பகுதி எல்லாம் அதில் வரும். நூறு வருடத்துக்கும் மேல் நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஊர்கள். அங்கே வேலை போனதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்ல முடியாது. மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றும் நம் வட்டாரத்துக்கும் வந்து போனவை. நமக்குத் தனித்தனியாக வந்தன, அவ்வளவுதான்.

முதல் காரணம், வாங்குகிறவன் மாறிப்போவது. அதைப் பெரியவர் கேட்ட பத்து ஆராங்கிலிருந்தே தொடங்குவோம். ரவாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் 1908இல் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. 1913இல் மலாயன் காலியரீஸ் என்ற கம்பெனி அமைந்தது, 1915இல் வெட்ட ஆரம்பித்தார்கள். மலாயாவின் ரயில்கள், ஈயச் (வெள்ளீயச்) சுரங்கங்கள், கோலாலம்பூருக்கு வெளிச்சம் கொடுத்த பங்சார் மின்நிலையம் என எல்லாவற்றுக்கும் தீனி போட்டது அந்தக் கரிதான். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள், போலீஸ் உள்ளே புகுந்துதான் அதை அடக்கியது. அவ்வளவு பெரிய இடம். அப்புறம் 1950களில் ரயில் இன்ஜின்கள் எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறின. எண்ணெய் மலிவாக வந்தது. வாங்கிக்கொண்டிருந்தவன் வேறு எரிபொருளுக்குப் போய்விட்டான். 1960இல் சுரங்கத்தை மூடினார்கள்.

பூமிக்குள் கரி தீர்ந்துபோய் மூடவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றும் அங்கே கரி இருக்கிறது. பத்து ஆராங்கிலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் காப்பார் மின்நிலையமும் நிலக்கரியைத்தான் எரிக்கிறது. ஆனால் அந்தக் கரி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. பக்கத்தில் கிடப்பதை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வருவதை ஏன் வாங்குகிறார்கள்? கலிமந்தானில் மேல்மண்ணை வழித்துவிட்டால் அள்ளிக்கொள்ளலாம். இங்கே தரமும் அவ்வளவு உயர்ந்ததில்லை, குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும் குணமும் உண்டு. போதாததற்கு மண்ணுக்கடியில் பழைய சுரங்கப் பாதைகள் குடைந்து கிடப்பதால் மேலே கட்டடம் கட்டுவதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. கரி இருக்கிறது என்பதற்காக வேலை இருக்காது.

அமெரிக்காவிலும் வாங்குகிறவன் இப்படித்தான் மாறினான். அங்கே நிலக்கரியின் பெரிய வாடிக்கையாளர் மின்நிலையம். 2005 வாக்கில் அந்த நாட்டு மின்சாரத்தில் பாதி நிலக்கரியில் தயாரானது. பிறகு பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் முறை பரவி எரிவாயு மலிவானது. 2016இல் மின் உற்பத்தியில் எரிவாயு நிலக்கரியை முந்தியது. 2023இல் நிலக்கரியின் பங்கு ஏறக்குறைய 16 விழுக்காடு. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால்தான் எல்லாம் கெட்டது என்று சில அரசியல்வாதிகள் சொல்வார்கள். விதிகளுக்குப் பங்கு உண்டுதான். பாதரசம் போன்ற நச்சுகளைக் கட்டுப்படுத்தும் விதி வந்தபோது, பழைய மின்நிலையங்கள் பலவற்றைச் செலவு செய்து திருத்துவதைவிட மூடுவதே மேல் என்று முதலாளிகள் முடிவு செய்தார்கள். ஆனால் மேடைகளில் அதிகமாகத் திட்டு வாங்கிய 2015ஆம் ஆண்டு ஒபாமா அரசின் கரியமில வாயுக் குறைப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தது, அது நடைமுறைக்கு வரவே இல்லை. வராத விதி எப்படி வேலையைப் பறிக்கும்?

அடுத்த காரணம்தான் எல்லாவற்றிலும் பெரியது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பால் மரத்துக்கு மரம் உளி பட வேண்டும். ஒருவர் இருட்டோடு கிளம்பி, ஒரு நாளைக்கு நானூறு முதல் அறுநூறு மரம் வரை வெட்டி, பால் பிடிக்கும் மங்குக் கோப்பையைத் திருப்பி வைத்து, பால் நின்றதும் வாளியில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எத்தனை ஏக்கர் கூடுகிறதோ அத்தனை கைகள் வேண்டும். புருஷன், பெண்டாட்டி, சில வீடுகளில் பிள்ளையும் சேர்ந்து நிரைக்குப் போனது அதனால்தான். 1960களிலிருந்து தோட்டம் தோட்டமாக எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறியபோது கணக்கு மாறியது. செம்பனையில் ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் போனால் போதும். ஒரு தொழிலாளிக்குச் சுமார் எட்டு முதல் பத்து ஹெக்டேர் வரை என்று கணக்குப் போடுவார்கள். ரப்பரில் அதே பரப்புக்குப் பல பேர் இருந்தார்கள். குலை வெட்டுவது பாரமான வேலை என்று ஆண்களுக்குப் போனது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும், உரம் போடுவதும், மருந்து அடிப்பதும் மிஞ்சின. தோட்டம் நஷ்டப்பட்டதா? இல்லை. முன்னைவிட அதிகம் சம்பாதித்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்கும் ஆட்கள்தான் குறைந்தார்கள்.

நிலக்கரியில் இதே கணக்கு இன்னும் கடுமையாக நடந்தது. அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளி கரிப் படுகையின் அடியை வெட்டி, துளை போட்டு, வெடி வைத்து, உடைந்த கரியை மண்வெட்டியால் வண்டியில் அள்ளிப் போடுவார். இது யார் அள்ளிய வண்டி என்று தெரிவதற்கு எண் பொறித்த ஒரு பித்தளை வில்லையை அதில் மாட்டி அனுப்புவார். மேலே எடை போட்டு டன் கணக்கில் கூலி. நம் ஆட்கள் பாலை எடைபோடும்போது தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி, அவர்களும் எடை போடுகிறவன் கையைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள்தான். 1940களின் கடைசியில் ஒரு இயந்திரம் வந்தது. முன்பக்கம் பல் வைத்த ஒரு உருளை சுழலும். அது கரியைப் பிய்த்தெடுத்துப் பின்னால் ஓடும் பட்டையில் தள்ளிக்கொண்டே போகும். வெட்டுகிறவன், துளைக்கிறவன், வெடி வைக்கிறவன், அள்ளுகிறவன் என்று நான்கு வகை ஆட்கள் செய்ததை அது நிற்காமல் செய்தது. பிறகு மலையின் உச்சியையே வெடி வைத்துத் தகர்த்து மேலிருந்து அள்ளும் முறை வந்தது, அதற்கு இன்னும் குறைந்த ஆள் போதும்.

எண்ணைப் பாருங்கள். 1923இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 8 லட்சத்து 60 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். அந்த ஆண்டு வெட்டியது ஏறக்குறைய 65 கோடி டன். 2008இல் அந்த நாட்டின் நிலக்கரி உற்பத்தி உச்சத்தைத் தொட்டது: 117 கோடி டன். அதைத் தோண்டியவர்கள் சுமார் 87,000 பேர். (அமெரிக்க டன் நம் டன்னைவிடக் கொஞ்சம் சிறியது, 907 கிலோ. கணக்கின் போக்கை அது மாற்றாது.) அதாவது கரி இரண்டு மடங்கை நெருங்கியது, ஆள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினார்கள். இதில் பெரும்பகுதி நடந்தபோது பாறையை உடைத்து எடுக்கும் மலிவு எரிவாயுவின் போட்டியும் இல்லை, கரியமில விதியும் இல்லை. தொழில் ஓகோ என்று நடந்துகொண்டிருந்தபோதே வேலை போய்விட்டது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, நம் தொழிற்சங்கக்காரர்கள் படிக்க வேண்டியது. இயந்திரம் வந்தபோது அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜான் லூயிஸ் அதை எதிர்க்கவில்லை. 1950இல் முதலாளிகளோடு ஒப்பந்தம் போட்டார். இயந்திரத்தைக் கொண்டுவாருங்கள், ஆள் குறைந்தாலும் பரவாயில்லை, இருக்கிறவனுக்கு நல்ல சம்பளம் வேண்டும், ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு என்று நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த நிதியில் ஓய்வூதியம் கிடைத்தது, மலைப்பகுதிகளில் ஆஸ்பத்திரிகள்கூட எழுந்தன. வேலையில் தங்கியவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள், வெளியே போனவர்கள் டெட்ராய்ட், ஒஹாயோ தொழிற்சாலைகளுக்கு மூட்டை கட்டினார்கள். அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், குறைந்தபட்சம் வேலை போகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லி அதற்கு ஒரு விலை வாங்கினார். நம் பக்கம் தோட்டம் கைமாறியபோது பல குடும்பங்களுக்கு லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்தான் முதல் தகவலாக வந்தது.

மூன்றாவது காரணம் இடம். எங்கள் ஊரைச் சுற்றிக் கிடக்கும் குட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவை ஈயம் தோண்டிய பள்ளங்கள். ஒரு காலத்தில் இங்கே மிதக்கும் கப்பல் மாதிரியான இயந்திரங்கள் இரவும் பகலும் மண்ணை வாரிக்கொண்டிருந்தன. உலகத்திலேயே அதிக ஈயம் எடுத்த நாடு மலேசியா. அப்புறம் பிரேசில் போன்ற நாடுகளில் மலிவாக ஈயம் எடுக்கத் தொடங்கினார்கள், சந்தையில் சரக்கு குவிந்தது. விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையில் 1985 அக்டோபரில் பணம் தீர்ந்தது. விலை சடாரென்று விழுந்தது, சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஈயத்துக்கு உலகில் தேவை இல்லாமல் போகவில்லை. வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது.

அப்பலாச்சியாவுக்குப் பிரேசிலாக வந்தது அவர்கள் நாட்டுக்குள்ளேயே இருக்கும் வயோமிங் மாநிலம். அங்கே கரிப் படுகை மேலாகவே கிடக்கிறது, பல இடங்களில் அறுபது எழுபது அடிக்கு மேல் தடிமன். கந்தகமும் குறைவு. காற்றுத் தூய்மைச் சட்டம் 1970இலும் பிறகு 1990இலும் இறுகியபோது மின்நிலையங்களுக்குக் கந்தகம் குறைந்த கரி தேவைப்பட்டது. மைல் கணக்கில் நீளும் ரயில்களில் வயோமிங் கரி கிழக்கே போனது. இன்று அமெரிக்க நிலக்கரியில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு வயோமிங்கில் எடுக்கப்படுகிறது. அதற்குத் தேவைப்படுவது ஐயாயிரம் பேர் அளவுதான். மேற்கு வர்ஜீனியாவில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் இருந்தும் எடுக்கும் கரி அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே நாளைக்கே நிலக்கரிக்கு அமோகமான கிராக்கி வந்தாலும், அதன் பெரும்பகுதி மலைக்காரர்களைத் தாண்டி வயோமிங்குக்குத்தான் போகும்.

சரி, அப்படியானால் வீடியோவில் சொன்னது முழுப் பொய்யா? அதுவும் இல்லை. 2016 தேர்தலில் டிரம்ப் நிலக்கரி வேலையைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று மேற்கு வர்ஜீனியாவில் முழங்கினார். 2017 தொடக்கத்தில் நாடு முழுக்க சுமார் 51,000 பேர் இந்த வேலையில் இருந்தார்கள். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஓராயிரம் இரண்டாயிரம் பேர் கூடினார்கள். பென்சில்வேனியாவில் 2017 ஜூனில் ஒரு புதுச் சுரங்கம் திறந்தபோது அதிபரே வீடியோவில் வாழ்த்தினார். அந்தச் சுரங்கத்தில் எதிர்பார்த்த வேலை எழுபதிலிருந்து நூறு வரை. நம் ஊர்ப் பக்கம் ஒரு நடுத்தர சூப்பர் மார்க்கெட்டுக்கு எடுக்கும் ஆட்கள்.

அந்தக் கொஞ்ச உயர்வும் எங்கிருந்து வந்தது? அப்பலாச்சியாவில் எஃகு ஆலைகளுக்கு வேண்டிய உயர்தரக் கரி இருக்கிறது. மின்நிலையக் கரி வேறு, எஃகுக் கரி வேறு. 2016இல் சீனா தன் சுரங்கங்கள் ஆண்டுக்கு 276 நாள்தான் இயங்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 2017 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டெபி புயல் அடித்துக் கரி ரயில் பாதைகளைச் சேதப்படுத்தியது. எஃகுக் கரியின் விலை ஏறியது, மேற்கு வர்ஜீனியாவில் சில சுரங்கங்கள் மறுபடியும் ஆள் எடுத்தன. இது முதலில் சொன்ன சுழற்சி வகை. புயல் ஓய்ந்து பாதை சரியானால் அந்த வேலையும் ஆட்டம் காணும். 2020இல் கோவிட் வந்தபோது மொத்த எண்ணிக்கை 40,000 பக்கம் இறங்கியது.

இப்போது இரண்டாவது முறை அதே வாக்குறுதி ஓடுகிறது. 2025 ஏப்ரலில் நிலக்கரிக்கு ஆதரவாக டிரம்ப் உத்தரவுகளில் கையெழுத்திட்டார். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மின்சாரத்தை விழுங்குவதால், மூடவிருந்த சில மின்நிலையங்களை மூட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். மிச்சிகனில் ஜே. எச். கேம்பல் நிலையம் அப்படி ஒன்று. இதனால் இருக்கிற வேலை இன்னும் சில காலம் தாக்குப்பிடிக்கும். போன வேலை வந்துவிட்டதாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது ஏமாறும் இடங்கள் சில உண்டு. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். 2020ஓடு ஒப்பிட்டால் எதுவும் உயர்வாகத்தான் தெரியும். 2011இல் சுமார் 91,000 பேர் இருந்தார்களே, அதோடு ஒப்பிடட்டும். "ஆள் தேவை" என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பக் கூடாது. வயதானவர்கள் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு ஆள் எடுத்தால் மொத்தம் கூடுவதில்லை. நம் தோட்ட ஆபீஸ் வாசலிலும் வருடம் முழுக்க ஆள் தேவை என்று பலகை தொங்கும். போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பதால் தொங்குகிறது. (குலை வெட்டும் வேலை இங்கே இன்னும் இருக்கிறது, செய்கிறவர்கள் இந்தோனேசியா, பங்களாதேஷ், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். வேலை இருந்தும் ஊர்க்காரனுக்கு இல்லை என்பது தனிக் கதை. அதற்குச் சம்பளமும் கொள்கையும் காரணம், இந்தக் கட்டுரையில் அடங்காது.)

அப்புறம், திரும்பி வருகிற வேலை எப்படிப்பட்டது என்ற கேள்வி. சுரங்க வேலைக்கு அந்த மலைப்பகுதியில் மற்ற பெரும்பாலான வேலைகளைவிட நல்ல சம்பளம். பள்ளிப் படிப்போடு நின்றவன் வீடு கட்டலாம். அதனால்தான் காத்திருக்கிறார்கள். முட்டாள்தனத்தால் காத்திருக்கிறார்கள் என்று நகரத்திலிருந்து எழுதுகிறவர்களுக்கு இது புரிவதில்லை. ஆனால் நல்ல படுகைகள் தீர்ந்துவிட்டதால் இப்போது மெல்லிய படுகைகளை, பாறையோடு சேர்த்து வெட்டுகிறார்கள். அந்தப் பாறைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கரும்நுரையீரல் நோய் இருப்பதாக அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வு 2018இல் சொன்னது. சம்பளத்துக்கும் உத்தரவாதம் இல்லை. 2019 ஜூலையில் கெண்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் பிளாக்ஜுவல் என்ற கம்பெனி திவாலாகி, சம்பளக் காசோலைகள் பணமாகாமல் போயின. தொழிலாளர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தாங்கள் வெட்டிய கரி ஏற்றிய ரயிலையே மறித்தார்கள். குழந்தைகளோடு கூடாரம் போட்டு வாரக்கணக்கில் இருந்தார்கள்.

வேலை போனால் சுரங்கத்தோடு நிற்பதும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியில் 1950இல் கிட்டத்தட்ட 99,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19,111. 2016இல் அங்கே இருந்த வால்மார்ட்டும் கடையை மூடியது. சுரங்கக் கூலியில் சாமான் வாங்கியவர்கள் இல்லாதபோது கடைக்கு என்ன வேலை? தோட்டம் ஒன்று மூடினால் அதை நம்பியிருந்த மளிகைக்கடை, முடிதிருத்துகிறவர், தமிழ்ப்பள்ளி என்று ஒவ்வொன்றாக மெலிவதை நாம் பார்த்திருக்கிறோம். எழுபது பேருக்கு வேலை கொடுக்கும் ஒரு சுரங்கம் திறந்தால் அந்த எழுபது குடும்பத்துக்கு நல்லது. எண்பதாயிரம் பேர் கிளம்பிப்போன ஊருக்கு அது போதாது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ காப்பார்ல கரி எரிக்கிறதையும் நிறுத்திடுவாங்களா?" என்று அடுத்ததைப் போட்டார். நிறுத்துவார்கள். நிலக்கரி மின்நிலையங்களை எல்லாம் 2044ஆம் ஆண்டுக்குள் ஓய்வு கொடுப்பதாக மலேசிய அரசு அறிவித்திருக்கிறது. கப்பலிலிருந்து கரி இறக்குகிறவர்கள், கொதிகலன் பராமரிக்கிறவர்கள், சாம்பல் லாரி ஓட்டுகிறவர்கள் என்று இந்தப் பக்கத்துப் பையன்கள் அதில் இருக்கிறார்கள், பலர் காண்டிராக்டில். அவர்களுக்கு வரப்போவது சுழற்சி வகை அல்ல. தேதி இப்போதே தெரியும் என்பதால், அதற்குள் என்ன கேட்டு வாங்கலாம் என்பதைச் சங்கத்தில் இன்றே பேசலாம்.